அறுபது அடித்தவருக்கு நாற்பது என்று ஏன் கணிக்கிறார்கள்?

அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீக்கில், 2025 பருவத்தில் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் கேட்ச்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) கேல் ராலி 60 ஹோம் ரன் (பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் பறக்கவிடும் அடி) அடித்தார். முதன்மையாகக் கேட்ச்சர் இடத்தில் ஆடும் ஒருவர் ஒரே பருவத்தில் அதற்கு முன் எட்டியிருந்த உச்சம், சால்வடோர் பெரஸ் 2021-இல் அடித்த 48 தான். அந்த எல்லையை இவ்வளவு தூரம் தாண்டிய ஒருவரின் அடுத்த பருவத்தை, பரவலாகப் பயன்படும் எளிய சூத்திரம் ஒன்றில் போட்டுப் பார்த்தால் விடை 40-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு எங்கே போயிற்று என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பேஸ்பால் பார்த்து வளர்ந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் இங்குள்ள கல்லூரிகளில் தரவு அறிவியல் படிப்பவர்களும், ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய்வரும் மென்பொருள் ஊழியர்களும் இந்த ஆட்டத்தின் எண்களோடு அடிக்கடி மோத வேண்டியிருக்கிறது. 1871 முதலான ஆட்டக் கணக்குகளைத் தொகுத்து ஷான் லாமன் இலவசமாக வழங்கிய தரவுத்தொகுப்பு, உலகெங்கும் புள்ளியியல் பாடங்களில் பயிற்சிக் கோப்பாகப் பயன்படுகிறது. “அடுத்த ஆண்டு இவர் எத்தனை அடிப்பார்” என்று கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சியில் பலரும் கடந்த ஆண்டின் எண்ணை அப்படியே நீட்டி எழுதிவிடுகிறார்கள். அது ஏன் தவறாகிறது, சரியான விடையை நோக்கி எப்படி நகர்வது என்பதை, ஆட்டத்தின் அடிப்படையிலிருந்து தொடங்கி இங்கே பார்க்கலாம்.

ஆட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

பிட்ச்சர் பந்து வீசும் இடத்துக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர் தூரம் உண்டு. மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.4 நொடியில் கடந்துவிடும். மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே, ஹோம் பிளேட்டின் அகலத்தில் காற்றில் நிற்கும் ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொண்டால், அதுவே ஸ்ட்ரைக் ஜோன். அதற்குள் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலும், எங்கே வந்த பந்தானாலும் மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஒரு ஸ்ட்ரைக் கணக்காகும். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் அவுட். ஜோனுக்கு வெளியே போகும் பந்துக்கு மட்டையை வீசாமல் விட்டால் அது ‘பால்’. நான்கு பால் சேர்ந்தால் மட்டையாளர் முதல் பேஸுக்கு (சுற்றிவர வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவது) இலவசமாக நடந்து போகலாம். அந்த இலவச நடைக்கு வாக் என்று பெயர்.

கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போகும் நல்ல பந்தை விட்டுவிடுபவர் தம் விக்கெட்டைக் காப்பாற்றிக்கொள்கிறாரே தவிர, அதற்காக ஓட்டம் எதுவும் பெறுவதில்லை. பேஸ்பாலில் விடுவதற்கே விலை உண்டு. ஆகவே எதை அடிக்கிறார் என்பதோடு எதை அடிக்காமல் விடுகிறார் என்பதும் மட்டையாளரின் திறமைக் கணக்கில் சேர்கிறது.

மட்டையாளர் ஒருமுறை களத்தில் வந்து நிற்பதை இக்கட்டுரையில் ‘வாய்ப்பு’ என்று குறிப்பிடுவோம். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். தொடர்ந்து ஆடுபவருக்கு 600 முதல் 700 வாய்ப்புகள் கிடைக்கும்.

அடிவலுவை எதைக் கொண்டு அளப்பது

பழைய அளவுகோல் எளிமையானது. வாக் போன்றவற்றை நீக்கிவிட்டு மட்டையாளருக்கு 500 முறை கணக்கில் சேர்வதாகக் கொள்வோம். அதில் 80 ஒற்றை பேஸ் அடிகள், 25 இரட்டை பேஸ் அடிகள், 25 ஹோம் ரன்கள் (ஒவ்வொன்றும் நான்கு பேஸ்) என மொத்தம் 130 வெற்றியடிகள். சராசரி 0.260. இப்போது ஒவ்வோர் அடிக்கும் எத்தனை பேஸ் என்று எண்ணினால் 80, 50, 100 ஆகியவை சேர்ந்து 230 வரும். அதை 500-ஆல் வகுத்தால் 0.460. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது 0.200. இந்த மிச்சம்தான் தனி அடிவலு. மேஜர் லீக்கின் பொதுச் சராசரி 0.150-ஐ ஒட்டி நிற்கும், 0.200 என்பது நல்ல அடிவலு, 0.250-க்கு மேல் போனால் அபூர்வம்.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை உண்டு: அது விளைவை மட்டுமே பார்க்கிறது. பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க்கில் இடது பக்கச் சுவர் ஹோம் பிளேட்டிலிருந்து 94 மீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. ஆனால் அதன் உயரம் 11 மீட்டருக்கு மேல். உயர எழுந்து மெதுவாக இறங்கும் சாதாரண அடி அங்கே ஹோம் ரன்னாகலாம். தாழ்வாகச் சீறிப் பாயும் பலமான அடி சுவரில் மோதி ஒற்றை பேஸாக முடியலாம். விளைவு ஒன்று, அடியின் தரம் வேறு.

2015 முதல் மேஜர் லீக் மைதானங்கள் அனைத்திலும் இயங்கும் ஸ்டேட்காஸ்ட் என்ற கண்காணிப்பு அமைப்பு இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம், கிளம்பும் கோணம் ஆகிய இரண்டையும் ஒவ்வோர் அடிக்கும் அது பதிவு செய்கிறது. மணிக்கு 153 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பினால் பலமான அடி. 158 கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேகத்தோடு 26 முதல் 30 பாகைக் கோணத்தில் எழுந்தால் அதற்கு ‘பேரல்’ என்று பெயர், வேகம் கூடக்கூட அந்தக் கோண வரம்பும் விரியும். 2024-இல் மட்டை வீச்சின் வேகமே பொதுவெளிக்கு வந்தது. மேஜர் லீக்கில் சராசரி வீச்சு மணிக்குச் சுமார் 116 கிலோமீட்டர். ஜியான்கார்லோ ஸ்டான்டன் 130-ஐ ஒட்டி வீசுகிறார்; பந்தைத் தவறவிடாமல் தொடுவதில் பேர்போன லூயிஸ் அராயெஸ் நூறு கிலோமீட்டரைச் சுற்றியே வீசுகிறார். ஹோம் ரன் எண்ணிக்கை ஓராண்டில் ஏறி இறங்கலாம், மட்டை வீச்சின் வேகம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

பந்துத் தேர்வை எதைக் கொண்டு அளப்பது

வாக் எத்தனை, ஸ்ட்ரைக் அவுட் எத்தனை என்று வாய்ப்புகளின் சதவீதமாகச் சொல்வது பழைய வழி. லீக் முழுவதும் சேர்த்தால் அண்மைப் பருவங்களில் வாக் 8 முதல் 9 சதவீதம்; ஸ்ட்ரைக் அவுட் 22 சதவீதத்தை ஒட்டி. இவற்றுக்கு அடியில் இருக்கும் பழக்கங்களைப் பிரித்துப் பார்ப்பது புதிய வழி:

1. ஜோனுக்கு வெளியே போகும் பந்துகளில் எத்தனை சதவீதத்துக்கு மட்டையை வீசுகிறார்? லீக் சராசரி சுமார் 28. ஹுவான் சோட்டோ போன்றவர்கள் 20-க்கும் கீழே. ஹாவியர் பாயெஸ் போன்றவர்கள் 40-க்கும் மேலே.
2. ஜோனுக்குள் வரும் பந்துகளில் எத்தனை சதவீதத்துக்கு வீசுகிறார்?
3. வீசியவற்றில் எத்தனை முறை மட்டை பந்தைத் தொடுகிறது?

இரண்டாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதையும் அடிக்காமல் நிற்பவருக்கும் வாக் கூடும். ஆனால் நல்ல பந்துகளும் கைநழுவிப் போகும், ஸ்ட்ரைக் அவுட்டும் ஏறும். பொறுமை வேறு, தேர்வு வேறு. வெளிப்பந்தை விட்டு உள்பந்தை அடிப்பவரே தேர்வில் சிறந்தவர், அதாவது முதல் இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம்தான் முக்கியம்.

கணிப்பின் முதுகெலும்பு: சராசரியை நோக்கிய இழுப்பு

பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் அங்கே வந்ததற்குத் திறமை ஒரு காரணம். அந்த ஆண்டில் காற்றும், எதிரணிப் பிட்ச்சர்களின் தவறுகளும், மைதானங்களும் அவருக்குச் சாதகமாக அமைந்தது இன்னொரு காரணம். திறமை அடுத்த ஆண்டுக்கும் வரும். சாதகம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் உச்சியில் இருப்பவர்கள், கூட்டாகப் பார்த்தால், இறங்குகிறார்கள். அடியில் இருப்பவர்கள் கூட்டாக ஏறுகிறார்கள். பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஆராய்ந்து பிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதிய உண்மை இதுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்பைப் பூப்பருவத்திலேயே குத்தகை பேசும் வியாபாரி இந்தக் கணக்கைத் தாளில் எழுதாமலே போடுகிறார். தை மாதத்தில் மரம் நிறையப் பூ நின்றாலும், அத்தனையும் காயாகும் என்று எண்ணி அவர் விலை சொல்வதில்லை. தத்துப்பூச்சியும் பனியும் பருவம் தவறிய மழையும் கொட்டிவிடுவதைத் தள்ளிவிட்டு, அந்தத் தோப்பு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளில் எத்தனை லோடு கொடுத்தது, பக்கத்துத் தோப்புகள் எப்படி நிற்கின்றன என்பதையும் சேர்த்த பிறகே தொகை வாயில் வரும். ஆனால் ஒப்புமை இந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும். அல்போன்சா மரம் ஓராண்டு மிகுதியாகக் காய்த்துவிட்டு மறு ஆண்டு ஓய்ந்துபோவதற்கு மரத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது: காய்ப்பு அதன் சத்தைத் தின்றுவிடுகிறது. மட்டையாளர் 60 அடித்ததால் களைத்துப்போய் 40-க்கு இறங்குவதில்லை. அவருடைய உடம்பிலோ ஆட்டத்திலோ எந்தக் குறையும் வராமலே எண் இறங்கும், ஏனென்றால் 60 என்ற எண்ணுக்குள்ளேயே திரும்பி வராத ஒரு பகுதி கலந்திருந்தது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாதவர்கள், இறங்கிய ஆண்டில் “பணம் வந்ததும் ஆட்டம் போய்விட்டது” என்று கதை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த இழுப்பு எவ்வளவு பயன் தரும் என்பதற்குப் புள்ளியியலில் பெயர் பெற்ற ஓர் உதாரணம் உண்டு. 1970 பருவத்தின் தொடக்கத்தில், தலா 45 முறை ஆடி முடித்திருந்த 18 மட்டையாளர்களின் சராசரிகளை பிராட்லி எஃப்ரானும் கார்ல் மாரிஸும் எடுத்துக்கொண்டார்கள். உச்சியில் ராபர்ட்டோ கிளமெண்டே, 45-க்கு 18, அதாவது 0.400. அடியிலிருந்து இரண்டாவதாகத் தர்மன் மன்சன், 45-க்கு 8, அதாவது 0.178. பதினெட்டுப் பேரின் பொதுச் சராசரி 0.265. ஒவ்வொருவரையும் பொதுச் சராசரியை நோக்கிப் பலமாக இழுத்துப் போட்ட கணிப்பு, பருவத்தின் மிச்சப் பகுதியோடு ஒப்பிட்டபோது, அவரவர் எண்ணை அப்படியே நம்பிய கணிப்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மொத்தப் பிழையையே தந்தது. மன்சன் மிச்சப் பருவத்தில் 0.316 அடித்து, அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரருக்கான விருதும் பெற்றார்.

கிளமெண்டே விஷயத்தில் கணிப்பு நன்றாகவே தவறியது. அவரை 0.290 என்ற அளவுக்கு அது இழுத்தது, அவரோ 0.346 அடித்தார். இதை மறைக்க வேண்டியதில்லை, இதில்தான் அடுத்த படி இருக்கிறது. 1970-க்கு முன்பே நான்கு முறை லீக்கின் மிகச் சிறந்த சராசரியைப் பெற்றவர் கிளமெண்டே. அந்தச் சூத்திரத்துக்கு அவர் யார் என்று தெரியாது. 45 முறை ஆடிய பதினெட்டுப் பேரில் ஒருவராக மட்டுமே அவரைக் கண்டது. ஆகவே இழுக்க வேண்டும். ஆனால் அவரவர் கடந்த காலத்தையும் பார்த்து இழுக்க வேண்டும்.

ராலியின் கணக்கு, படிப்படியாக

இந்த இரண்டையும் மிக எளிமையாகச் செய்வது டாம் டேங்கோ உருவாக்கிய ‘மார்செல்’ என்ற முறை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த குரங்கின் பெயர் அது. குரங்கும் போடக்கூடிய கணக்கு என்ற கேலி அதற்குள் இருக்கிறது. பெக்கோட்டா, ஸிப்ஸ், ஸ்டீமர் போன்ற நுட்பமான முறைகள் பல இருந்தும், அவற்றின் தரத்தை உரசிப் பார்க்க இன்றும் மார்செலையே அடிமட்டக் கோடாகக் கொள்கிறார்கள். ராலி 2023-இல் 569 வாய்ப்புகளில் 30, 2024-இல் 628-இல் 34, 2025-இல் 705-இல் 60 ஹோம் ரன் அடித்தார்.

1. அண்மை ஆண்டுக்கு 5, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 என்று எடை கொடுக்க வேண்டும். ஹோம் ரன்கள் 300, 136, 90 என்று சேர்ந்து 526.
2. வாய்ப்புகளுக்கும் அதே எடை. 3,525, 2,512, 1,707 என்று சேர்ந்து 7,744.
3. இவற்றோடு லீக் சராசரி மட்டையாளர் ஒருவரின் 1,200 வாய்ப்புகளைக் கலக்க வேண்டும். நூறு வாய்ப்புக்குச் சுமார் 3.1 ஹோம் ரன் என்ற விகிதத்தில் அவற்றில் 37 வரும். மொத்தம் 8,944 வாய்ப்புகளில் 563, அதாவது 6.3 சதவீதம்.
4. வயது 29-ஐவிடக் குறைவாக இருந்தால் சற்று ஏற்றவும், கூடுதலாக இருந்தால் சற்று இறக்கவும் வேண்டும். 2026 பருவத்தில் ராலிக்குச் சரியாக 29, மாற்றமில்லை.
5. எத்தனை வாய்ப்பு கிடைக்கும்? கடந்த ஆண்டின் பாதி, அதற்கு முந்தைய ஆண்டின் பத்தில் ஒரு பங்கு, அத்துடன் 200. ஏறத்தாழ 615.

விடை 39. ஆரோக்கியமாக ஆடி 650 வாய்ப்புகள் பெற்றால் 41.

இதில் கவனிக்க வேண்டியது, வெட்டு எங்கே விழுகிறது என்பது. 650 வாய்ப்புகளையே எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டால், 2025 விகிதம் மட்டும் 55 என்று சொல்லும். அவருடைய சொந்த 2023, 2024 ஆண்டுகளைச் சேர்த்ததும் அது 44 ஆகிறது. லீக் சராசரியைக் கலந்ததும் 41. பதினான்கில் பதினொன்றை வெட்டியது ராலியின் சொந்த வரலாறு. அந்நியர்களின் சராசரி வெட்டியது மூன்றுதான். “எல்லோரையும் சராசரியாக்கிவிடுகிறார்கள்” என்ற புகார் இந்த இடத்தில் பொருந்தவில்லை.

41 என்பது நடுப்புள்ளி மட்டுமே. அவருடைய உண்மையான விகிதம் 6.3 சதவீதம்தான் என்று கடவுளே வந்து உறுதி சொன்னாலும், 650 வாய்ப்புகளில் வெறும் தற்செயலே ஆறு ஹோம் ரன் அளவுக்கு மேலும் கீழும் தள்ளும்; மூன்றில் இரண்டு முறை 35-க்கும் 47-க்கும் இடையில் விழும், மீதி முறை அதற்கும் வெளியே. உண்மை விகிதமே நமக்குச் சரியாகத் தெரியாது என்பதையும் சேர்த்தால் வீச்சு இன்னும் அகலும். ஒற்றை எண்ணை மட்டும் அச்சிட்டு வீச்சை விட்டுவிடும் பட்டியல்கள் வாசகருக்குப் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

எந்த எண்ணை எப்போது நம்பலாம்

எல்லா எண்களும் ஒரே வேகத்தில் நம்பிக்கை பெறுவதில்லை. ரஸ்ஸல் கார்ல்டன் செய்த ஆய்வின்படி, ஸ்ட்ரைக் அவுட் விகிதம் சுமார் 60 வாய்ப்புகளிலேயே மட்டையாளரைப் பற்றிப் பொருட்படுத்தத்தக்க செய்தி சொல்லத் தொடங்குகிறது. வாக் விகிதத்துக்கு 120, ஹோம் ரன் விகிதத்துக்கு 170 வாய்ப்புகள் வேண்டும். பேட்டிங் சராசரியோ 910 முறை ஆடிய பிறகுதான் அந்த நிலைக்கு வருகிறது. அதாவது ஒன்றரைப் பருவத்துக்கும் மேல்.

காரணம் எளிது. ஒவ்வொரு வாய்ப்பிலும் சராசரியாக நான்கு பந்துகள் வருகின்றன. ஒவ்வொரு பந்துக்கும் வீசுவதா விடுவதா என்று மட்டையாளர் ஒரு முடிவு எடுக்கிறார். பந்துத் தேர்வைப் பற்றிய சான்று வேகமாகக் குவிகிறது. ஹோம் ரன்னோ நூறு வாய்ப்பில் மூன்று முறை நிகழும் அரிய சம்பவம். பேட்டிங் சராசரியில், அடித்த பந்து தடுப்பாளர் நிற்கும் இடத்துக்குப் போகிறதா இடைவெளிக்குப் போகிறதா என்ற தற்செயல் வேறு கலந்துவிடுகிறது.

ஏப்ரல் மாத முடிவில் ஒருவரின் ஹோம் ரன் எண்ணிக்கையைக் கண்டு வியப்பதைவிட, வெளிப்பந்துக்கு வீசும் சதவீதம் 32-இலிருந்து 24-க்கு இறங்கியிருப்பதைக் கவனிப்பது பயன்மிக்கது. அடிவலுவைப் பொறுத்தவரை, பந்து கிளம்பும் வேகத்தின் உச்சம் ஒரு சில அடிகளிலேயே பேசிவிடும்: மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பந்தைக் கிளப்புவது தற்செயலாக நடக்கக்கூடியதன்று.

அடிவலுவும் பந்துத் தேர்வும் ஒன்றையொன்று இழுக்கும்

பலரும் தடுக்கி விழும் இடம் இது. இரண்டையும் இரண்டு தனி நிரல்களாகக் கணித்து ஒட்டிவிட்டால், களத்தில் எதிரே நிற்கும் பிட்ச்சரை மறந்தவர்களாகிறோம். ஹோம் ரன் அடிக்கக்கூடியவருக்குப் பிட்ச்சர்கள் ஜோனுக்குள் பந்து போட அஞ்சுவார்கள்; வெளிப்பந்துகள் கூடும்; அவற்றை விடத் தெரிந்தவருக்கு வாக் தானாகக் கூடும். இதன் உச்சகட்டம் 2004-இல் பேரி பாண்ட்ஸ். அந்தப் பருவத்தில் அவர் பெற்ற 232 இலவச நடைகளில் 120, பிட்ச்சரின் அணி வேண்டுமென்றே கொடுத்தவை. அவற்றை முழுக்க அவருடைய கண்ணின் கூர்மைக்கு எழுதுவது பிழை. மட்டையின் அச்சத்துக்கும் அதில் பங்குண்டு. ஆகவே கணிப்பவர் முதலில் வேண்டுமென்றே கொடுத்த இலவச நடைகளைத் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

இரண்டு பழைய உதாரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பால்டிமோர் ஓரியோல்ஸின் பிராடி ஆண்டர்சன் 1995-இல் 16, 1996-இல் 50, 1997-இல் 18 ஹோம் ரன் அடித்தார். அந்த ஓர் ஆண்டைத் தவிர வேறு எந்தப் பருவத்திலும் அவர் 24-ஐத் தாண்டவில்லை. டொராண்டோ புளூ ஜேஸின் ஹோசே பௌடிஸ்டா 2009-இல் 13, 2010-இல் 54, 2011-இல் 43. துள்ளிய ஆண்டின் முடிவில் நின்று ஹோம் ரன் நிரலை மட்டும் பார்த்தவருக்கு இருவரும் ஒரே மாதிரித்தான் தெரிந்திருப்பார்கள். மார்செல் இருவரையும் ஒரே கண்டிப்போடு இறக்கியிருக்கும். ஒருவரிடம் அது ஏமாந்திருக்கும்.

ஆனால் பௌடிஸ்டா விஷயத்தில் ஹோம் ரன் நிரலுக்கு வெளியே தடயங்கள் இருந்தன. 2009 பருவத்தின் கடைசி வாரங்களில் அவர் மட்டை வீச்சை முன்கூட்டியே தொடங்கும்படி தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டின் 13 ஹோம் ரன்களில் 10, செப்டம்பர் தொடங்கிய பிறகு வந்தவை. 2010-இல் 100 வாக், 2011-இல் லீக்கிலேயே அதிகமாக 132 வாக். முதலில் வீச்சு மாறியது, அடுத்து அடிவலு ஏறியது, அதன்பின் பிட்ச்சர்கள் ஒதுங்கத் தொடங்கினார்கள், ஒதுங்கிய பந்துகளை அவர் விட்டார். இந்த வரிசையில் எண்கள் ஏறினால், ஏற்றத்துக்குப் பின்னால் ஒரு காரணம் நிற்கிறது என்று நம்பச் சற்றுக் கூடுதல் இடமுண்டு. காரணம் கண்ணில் படாத ஏற்றத்தை மார்செலின் கண்டிப்புக்கே விட்டுவிடுவது நல்லது. வீச்சு மாற்றம் பற்றிப் பருவத் தொடக்கத்தில் வரும் செய்திகளில் பெரும்பகுதி மே மாதத்துக்குள் மறக்கப்பட்டுவிடும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் இது இயங்கும். ஹாவியர் பாயெஸ் 2018-இல் 34 ஹோம் ரன் அடித்து, தமது லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றார். வெளிப்பந்துகளுக்கு ஓயாமல் வீசும் பழக்கம் அப்போதே இருந்தது. கையின் வேகம் அதை மூடி மறைத்தது. டெட்ராய்ட் டைகர்ஸுக்குப் போன முதல் ஆண்டான 2022-இல் 17 ஹோம் ரன்தான். அடிவலு குறையும்போது தாங்கிப் பிடிக்க வாக் இல்லாதவரின் சரிவு செங்குத்தாக இருக்கும்.

வயதும் இந்த இரண்டையும் வெவ்வேறாக நடத்துகிறது. அடிவலு இருபதுகளின் பின்பாதியில் உச்சம் தொட்டுவிட்டு இறங்கும். வாக் விகிதம் முப்பதைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். 24 வயதுக்காரருக்கும் 34 வயதுக்காரருக்கும் ஒரே வயதுத் திருத்தத்தை எல்லா நிரலுக்கும் போடுவது சரியாகாது.

ஆடுகளமே மாறும்போது

கடந்த ஆண்டுகளின் எண்கள் கடந்த ஆண்டுகளின் பந்திலும் விதியிலும் பிறந்தவை. மேஜர் லீக் முழுவதும் சேர்த்து 2018-இல் 5,585 ஹோம் ரன், 2019-இல் வரலாற்றிலேயே அதிகமாக 6,776, 2022-இல் 5,215. வீரர்கள் ஓராண்டில் பலசாலிகளாகி மூன்றாண்டில் நோஞ்சானாகிவிடவில்லை; பந்தின் காற்றுத்தடை மாறியது, 2022-இல் முப்பது மைதானங்களிலும் பந்தை ஈரப்பதம் கட்டுப்படுத்திய பெட்டியில் வைக்கும் ஏற்பாடும் வந்தது. எனவே ஒருவரின் ஹோம் ரன்னை அந்தந்த ஆண்டின் லீக் சராசரிக்கு எத்தனை மடங்கு என்று மாற்றிக்கொண்ட பிறகே ஆண்டுகளைக் கூட்ட வேண்டும். மேலே ராலிக்குப் போட்ட கணக்கில் இந்தத் திருத்தம் சேர்க்கப்படவில்லை.

மைதானத் திருத்தமும் அப்படியே. 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் காற்று அடர்த்தி குறைவாக இருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் அடிக்கும் பந்தும், கடலோரச் சென்னையில் அதே வேகத்தில் அடிக்கும் பந்தைவிடச் சில மீட்டர் அப்பால் விழவே செய்யும்.

பந்துத் தேர்வுக்கு வந்திருக்கும் மாற்றம் இன்னும் பெரியது. நடுவரின் ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்துத் தானியங்கிக் கண்காணிப்பிடம் முறையிடும் வசதிக்கு 2025 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்து, 2026 பருவத்திலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது. மட்டையாளர், பிட்ச்சர், கேட்ச்சர் ஆகிய மூவரில் ஒருவர் மட்டுமே, தீர்ப்பு வந்த உடனே தொப்பியைத் தட்டி முறையிடலாம். அணிக்கு இரண்டு முறையீடுகள். வென்றால் அது கையிலேயே இருக்கும், தோற்றால் ஒன்று குறையும். இதில் ஜோனின் மேல்விளிம்பு மட்டையாளரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ்விளிம்பு 27 சதவீதம். 180 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குத் தரையிலிருந்து சுமார் 96 முதல் 49 சென்டிமீட்டர் வரை.

ஒருவரின் கடந்த மூன்றாண்டு வாக் விகிதம், மனிதக் கண் வரைந்த ஜோனில் சம்பாதித்தது. விளிம்புப் பந்தை ஸ்ட்ரைக் போலக் காட்டிப் பிடிக்கும் கேட்ச்சர்களின் கைவித்தை அந்த எண்ணுக்குள் இருக்கிறது. விளிம்பில் நிற்கும் பந்தை விரல்கடை அளவு துல்லியத்தோடு அறிபவருக்குப் புதிய முறை கூடுதல் பயன் தரும். தோராயமாகப் பொறுமை காப்பவருக்கு அவ்வளவு தராது. வாக் எண்ணிக்கையில் ஒரே மாதிரி நின்ற இருவர் இனி பிரியக்கூடும். வெளிப்பந்துக்கு வீசும் பழக்கத்தின் எண்களை இப்போது வாக் சதவீதத்தைவிட முதன்மையாக வைத்துக் கணிப்பதே பாதுகாப்பானது.

பள்ளி ஸ்கோர் புத்தகத்துக்கு இதைப் பொருத்தினால்

இந்தியப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளில் பேஸ்பாலும் சாப்ட்பாலும் உண்டு. மாவட்ட அளவில் ஒரு மாணவிக்கு ஒரு போட்டித்தொடரில் கிடைப்பது பெரும்பாலும் பதினைந்து வாய்ப்புகளே. அவற்றில் இரண்டு ஹோம் ரன் அடித்தவர் தேர்வாகிறார், அடிக்காதவர் வீடு திரும்புகிறார்.

மார்செலின் 1,200-ஐ ஒரே ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால், 240 வாய்ப்புகள் அளவுக்குச் சராசரியைக் கலப்பதாகும். அதன்படி பதினைந்து வாய்ப்புகளுக்குக் கிடைக்கும் எடை வெறும் 6 சதவீதம். இந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மேஜர் லீக்கில் இருப்பவர்கள் ஏற்கெனவே பல சல்லடையில் சலித்து வந்தவர்கள், அவர்களுக்குள் திறமை வேறுபாடு குறைவு. பள்ளி அணிகளில் நேற்று மட்டையைத் தொட்டவரும் ஐந்தாண்டு ஆடியவரும் ஒரே களத்தில் நிற்பார்கள். வேறுபாடு அகலமாக இருக்கும்போது இழுப்பு குறைய வேண்டும். அப்படியே குறைத்தாலும், பதினைந்து வாய்ப்புகளின் ஹோம் ரன் எண்ணிக்கையை வைத்து இருவரைத் தரம் பிரிப்பது சீட்டுக் குலுக்கலுக்கு அதிக தூரத்தில் இல்லை.

அதே பதினைந்து வாய்ப்புகளில் அறுபதை ஒட்டிய பந்துகள் வந்திருக்கும். ஸ்கோர் புத்தகத்தில் கூடுதலாக மூன்று கட்டங்கள் போட்டால் போதும்: பந்து ஜோனுக்குள்ளா வெளியிலா, வீசினாரா விட்டாரா, வீசியிருந்தால் தொட்டாரா. ஜோன் எது என்பதில் எழுதுபவரின் கண் சில பந்துகளில் தவறும்; அதற்காக ஒரே ஆளே தொடர் முழுவதும் எழுதுவது நல்லது. அடுத்த மாதத் தொடரில் அந்த மாணவி எப்படி ஆடுவார் என்று கேட்டால், முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்த மூன்று கட்டங்களைத்தான். ஹோம் ரன் கட்டத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.